எதிரெதிரே உட்கார ஓர் இடம்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்தது. அடுத்த நான்கு ஆண்டுகள் திருச்செங்கோட்டில் அதைப் பற்றிப் பெரிய சத்தம் இல்லை. படித்தவர்கள் படித்தார்கள், பிடித்தவர்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், மற்றவர்கள் தறியையும் லாரியையும் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2014 டிசம்பரில் நிலைமை மாறியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் விநியோகமாயின. கைபேசிகளிலும் ஏறின. முன்பின் இல்லாமல் கிழித்தெடுத்த அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் கொதித்தார்கள். நாவல் எரிக்கப்பட்டது. எழுத்தாளரின் கைபேசிக்கு வசவும் மிரட்டலும் வந்துகொண்டே இருந்தன. 2015 ஜனவரி 9 அன்று ஊர் கடையடைத்தது. 12ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்கும்படி பெருமாள்முருகன் நெருக்கப்பட்டார், கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின் தம் முகநூல் பக்கத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார்.

இத்தனையும் நடந்த அந்தச் சில வாரங்களில் நடக்காமல் போன ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதியவரும், புண்பட்டதாகச் சொன்னவர்களும், இரு பக்கமும் சேராத ஊர்க்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படிக்கவில்லை. படிக்க ஓர் இடமும் இருக்கவில்லை. கொதித்தவர்கள் எல்லோரும் நடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தம் வீட்டுப் பெண்களைப் பற்றித் தவறாக எழுதிவிட்டான் என்று நம்பி மனம் நொந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எழுத்தாளருக்கு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பதிலை எங்கே வைத்துச் சொல்வது? ஆட்சியர் அலுவலகத்தில் நடந்தது உரையாடல் ஆகாது. வெளியே கூட்டம் காத்திருக்க, சட்டம் ஒழுங்கு பற்றிய கவலையில் அதிகாரிகள் முடித்துக்கொடுத்த ஏற்பாடு அது. பிற்பாடு 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அந்த ஏற்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தெளிவாகச் சொன்னது. எழுதுங்கள் என்று அவரைத் திரும்ப அழைத்தது. அவரும் எழுத வந்துவிட்டார். எழுத்தாளரின் பேனாவை நீதிமன்றத்தால் மீட்டுத்தர முடிந்தது. ஊர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் பழக்கத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத்தர முடியாது. அதை ஊர்தான் செய்துகொள்ள வேண்டும்.

அதே 2015இல் ஜூன் 23ஆம் நாள் நடந்ததையும் சொல்லாமல் திருச்செங்கோட்டைப் பற்றி எழுதக் கூடாது. பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், அர்த்தநாரீசுவரர் கோயிலில் தம்முடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவருடைய உடல் கிடைத்தது. வழக்கின் முதன்மைக் குற்றவாளி ஒரு சாதி அமைப்பின் தலைவர். தலைமறைவாக இருந்த மாதங்களில் அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். காவல்துறைக்குக் கிடைக்காத ஆளின் குரல் ஆயிரக்கணக்கான கைபேசிகளுக்குத் தவறாமல் வந்துசேர்ந்தது. அவரை வீரர் என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அவர் உட்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதிசெய்தது.

இரண்டு இளைஞர்கள் பகல் வெளிச்சத்தில், பொது இடத்தில், கோயில் வளாகத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குக் கிடைத்த தண்டனை கொலை. நேரில் சந்திப்பதைப் பற்றி, ஊர் கூடி வாழ்வதைப் பற்றி உயர்வாகப் பேச நினைக்கும் யாரும் முதலில் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம், இந்த போன் வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்வது எளிது. அந்தத் திண்ணையில் எல்லோருமா உட்கார்ந்தார்கள்? ‘மாதொருபாகன்’ நாவலே இதைத்தான் சொல்கிறது. குழந்தையில்லாத காளியையும் பொன்னாவையும் வதைப்பது எந்தக் கருவியும் அல்ல. விசேஷ வீட்டிலும் வயக்காட்டிலும் முகத்துக்கு நேரே பேசும் ஊர் வாய்தான் அவர்களை வதைக்கிறது. ஊரின் நெருக்கத்துக்கு அன்பும் உண்டு, நகமும் உண்டு.

கைபேசியை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்களும் இந்த ஊரில் நிறைய. போர் வண்டித் தொழிலுக்குப் பெயர்போன ஊர் திருச்செங்கோடு. இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று போகின்றன. மாதக்கணக்கில் வீடு திரும்பாத ஆட்கள் அவற்றில் இருக்கிறார்கள். வெயிலில் கல்தூள் அப்பிய முகத்தோடு அந்த மனிதர் இரவில் வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகம் பார்க்கிறார். ஒரு தலைமுறைக்கு முன் அவருடைய அப்பாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தக் கைபேசியை நான் வாழ்த்துகிறேன். சொந்த ஊரில் வாய் திறக்க முடியாத பெண்ணுக்கும், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க விடாத ஊரில் பிறந்த பையனுக்கும் அது மூச்சுவிடும் ஜன்னலாக இருந்திருக்கிறது. இதை மறுத்துவிட்டுப் பேசினால் என் வாதத்துக்கு மதிப்பில்லை.

அப்படியானால் குறை எங்கே? தூரத்தில் இருக்கும் நம்மவரைக் கைபேசி பக்கத்தில் கொண்டுவருகிறது. பக்கத்தில் இருக்கும் மற்றவரைத் தூரத்தில் தள்ளிவிடுகிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பங்காளிகள் குழு, குலதெய்வக் கோயில் குழு, கூட்டத்தார் குழு, படித்த பள்ளியின் குழு. பள்ளிக் குழுவைத் தவிர மற்றவற்றில் நம் சாதிக்கு வெளியே எத்தனை பேர்? அங்கே ஒருவர் இன்னொரு சாதியைப் பற்றி, இன்னொரு மதத்தைப் பற்றி ஒரு பொய்யைப் போடுகிறார். “அப்படியில்லீங்க, நான் அந்தத் தெருதான், எனக்குத் தெரியும்” என்று சொல்ல அந்தக் குழுவில் ஆளே கிடையாது. டீக்கடையில் அதே பேச்சை எடுப்பவர் முதலில் சுற்றிப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் யார், அவர் காதில் விழுமா என்று பார்க்கிறார். அந்த ஒரு பார்வைதான் நாக்குக்குக் கடிவாளம். நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி, அடுத்தவர் காதுக்கு எட்டும் தூரத்தில் வாழ்வதால் வந்தது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்தது நினைவிருக்கும். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்திக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அப்போது மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. நாடு முழுவதும் இதுபோலக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுப்பும் எண்ணிக்கையைத்தான் ஒரு நிறுவனத்தால் குறைக்க முடியும். வெளியூர்க் கிழவியிடம் “யாருங்கம்மா, எந்த ஊருங்க?” என்று கேட்கும் பழக்கத்தை அதனால் தர முடியாது.

இந்த மண்ணிலேயே வேறு மாதிரி கூடி வாழ்ந்து பார்த்த கதை ஒன்று உண்டு. அதற்கு நூறு வயது ஆகிவிட்டது. சேலத்தில் பெரிய வக்கீலாக இருந்து, அந்த நகராட்சியின் தலைவராகவும் இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு காங்கிரசில் இறங்கிய ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். இடத்தைக் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். டெல்லியிலும் பம்பாயிலும் மேடை ஏறிய மனிதர், கரட்டுப் பூமியில் ஒரு குடிலில் பிள்ளைகளோடு வந்து குடியேறினார். மழை பொய்த்த காலம். காட்டில் வேலை இல்லை. சுற்றுவட்டாரப் பெண்கள் ஆசிரமத்துக்கு வந்து பஞ்சு வாங்கிப்போய் வீட்டில் நூற்றார்கள். நூலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிப்போனார்கள். ஆசிரமத்தில் மருந்தும் கிடைத்தது.

அந்த ஆசிரமத்தின் உண்மையான துணிச்சல் நூற்பில் இல்லை, குடியிருப்பில் இருந்தது. அங்கே தலித்துகளும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்தார்கள், ஒன்றாக உண்டார்கள். சுற்றியிருந்த சாதி ஊர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்துத் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் அது எவ்வளவு பெரிய மீறல் என்பதை இன்று நாம் எளிதில் உணர முடியாது. ராஜாஜி துண்டறிக்கை போட்டு ஊரைத் திருத்தப் பார்க்கவில்லை. வெறுப்பு இருந்த இடத்திலேயே வீடு கட்டி உட்கார்ந்தார். நூல் கொண்டுவந்தவர்களுக்குப் பஞ்சும் கூலியும் தேவைப்பட்டன. காய்ச்சல் வந்தவர்களுக்கு மருந்து தேவைப்பட்டது. அதற்காக வந்தவர்கள், தாங்கள் விலக்கி வைத்தவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் வந்தே ஆக வேண்டியிருந்தது. ராஜாஜியின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை என்னால் எந்நாளும் ஏற்க முடியாது. ஆனால் புதுப்பாளையத்தில் அவர் செய்ததற்கு இணையான ஒன்றை இன்று எந்தக் கட்சிக்காரரும் செய்யவில்லை.

ஊடகத்தை அவர் ஒதுக்கவும் இல்லை. 1929இல் அந்த ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு மாத இதழை நடத்தினார். அதில் துணையாக இருக்க வந்த இளைஞர்தான் கல்கி. பத்து இதழ்கள் வந்தன. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்கு ராஜாஜி கிளம்பிப்போய்ச் சிறை புகுந்ததோடு இதழ் நின்றது. கள்ளுக்கடையால் அழியும் குடும்பங்களைக் கதையாக எழுதியவர்கள், அந்தக் குடும்பங்களின் பெண்கள் நூல் கொண்டுவரும் இடத்தில் வாழ்ந்தார்கள். எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிறவருக்கும் நடுவே தினசரிப் பழக்கம் இருந்தது. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். திருச்செங்கோடு அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. மதுவிலக்கு சரியா தவறா என்பது தனி விவாதம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டு நேர்ப்பழக்கம் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆசிரமம் இன்றும் இயங்குகிறது, கதர் இன்றும் அங்கே நெய்யப்படுகிறது.

இன்னொரு முயற்சி நம் காலத்திலேயே, நாமக்கல்லில் நடந்தது. அதை நடத்தியவர் பெருமாள்முருகன். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர், ‘கூடு’ என்ற பெயரில் ஆய்வுச் சந்திப்புகளை நடத்திவந்தார். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடுவார்கள், கட்டுரை வாசிப்பார்கள், விவாதிப்பார்கள். பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள். அந்தக் கூட்டத்திலிருந்து 2013இல் ‘சாதியும் நானும்’ என்ற நூல் வந்தது. 32 பேர் தத்தம் வாழ்வில் சாதியை எப்படிக் கண்டார்கள் என்று எழுதிய கட்டுரைகள். பின்னால் அம்பை அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு, ஒதுக்கிய சாதியில் பிறந்தவர்களும் உண்டு. என் பாட்டி இன்னாருக்குத் தனி டம்ளர் வைத்திருந்தாள் என்று ஒருவர் சொல்லும்போது, தனி டம்ளரில் குடித்தவரின் பேரன் அதே பாயில் உட்கார்ந்து கேட்கக் கூடிய இடம் எவ்வளவு அரிது! முகநூலில் அதே வாக்கியத்தை எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் இரு பக்கமும் சேனை திரண்டிருக்கும். கூடிப் பேசும்போது சொல்பவரின் குரல் தடுமாறுவது கேட்கிறது. கேட்பவரின் முகம் சுருங்குவது தெரிகிறது. அடுத்த வாக்கியத்தைச் சொல்பவர் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார். சந்திப்பு முடிந்ததும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும் என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது. இதை நடத்திக்கொண்டிருந்த மனிதரைத்தான் சாதியின் பேரால் ஊரைவிட்டு விரட்டினோம். அவர் சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நாமக்கல் மாவட்டம் இழந்தது ஓர் எழுத்தாளரின் குடியிருப்பை மட்டுமா? எதிரெதிரே உட்காரக் கிடைத்திருந்த ஓர் இடத்தையும் சேர்த்து இழந்தது.

தனிமை இன்று உலகத்தின் கவலை. பிரிட்டன் 2018இலேயே அதற்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. உலக மக்களில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிக்கை தந்தது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலியா அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இவற்றை நாமும் கவனிக்க வேண்டும். ஆனால் நம் நோய் அவர்களுடையதைவிட வேறு. நம் ஊரில் ஆள் தனியாக இல்லை. சொந்தம் இருக்கிறது, ஒறம்பரை இருக்கிறது, வாரம் தவறாமல் ஏதாவது விசேஷம் இருக்கிறது. நம் சாதிக்குள் நாம் நிறையவே கூடுகிறோம். அதற்கு வெளியே கூடுவதுதான் நின்றுபோய்விட்டது. முன்பு அந்தக் கூடுகையை ஓரளவாவது வலுக்கட்டாயமாக நடத்தியவை சந்தை, ஏலக் களம், டூரிங் டாக்கீஸ், டவுன் பஸ், மொய் எழுதும் மேசை. இன்று மொய்யைக் கூட க்யூஆர் கோடில் செலுத்திவிட்டுச் சாப்பிடாமல் போகிறார்கள். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்துக்கு இன்றும் விவசாயி பருத்தி மூட்டையோடு நேரில் வருகிறார். வியாபாரி கையில் எடுத்து இழையை இழுத்துப் பார்த்துத்தான் விலை போடுகிறார். வைகாசி விசாகத் தேருக்கு இன்றும் ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன. மிச்சம் இருப்பவை இவைபோலச் சில.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சட்டப்படி ஏற்கெனவே நமக்கு இருக்கும் இடங்களுக்குப் போனால் போதும். கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது; 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாட்கள் சேர்ந்து ஆறு முறையாகிவிட்டது. நகரங்களுக்குப் பகுதி சபை வந்திருக்கிறது. ஊரின் சாக்கடை பற்றி, தண்ணீர் பற்றி, எல்லாச் சாதிக்காரரும் ஒரே பந்தலில் சட்டப்படி உட்கார உரிமையுள்ள கூட்டங்கள் இவை. நம்மில் எத்தனை பேர் போகிறோம்? குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சியைத் திட்டி ஸ்டேட்டஸ் போடும் நாம், கவுன்சிலர் எதிரே உட்கார்ந்திருக்கும் பகுதி சபைக்குப் போவதில்லை. நூலகமும் அப்படித்தான். 1948இல், சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் ஒவ்வொருவரும் கட்டுகிறோம். காசு கொடுத்து வாங்கிய இடத்தை யாராவது பூட்டியே வைத்திருப்பார்களா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தில் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவை சும்மா கிடக்கின்றன. பல மண்டபங்கள் சாதிச் சங்கங்களுக்குச் சொந்தமானவை. அவற்றின் நிர்வாகிகளையும், தனியாக மண்டபம் வைத்திருக்கும் முதலாளிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, சாயங்காலம் இரண்டு மணி நேரம் உங்கள் மண்டபத்தை ஊருக்குத் திறந்துவிடுங்கள். பேச்சாளர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்து பேசட்டும். தறி ஓட்டுகிறவரும், அருந்ததியர் தெருவிலிருந்து வருகிறவரும், போர் வண்டி முதலாளியும், வாத்தியாரும் ஒரே வரிசை நாற்காலியில் இருந்து கேட்கட்டும். சண்டை வந்தால் வரட்டும். முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் டீ குடிக்கச் சேர்ந்தே போவார்கள். மண்டபம் தர மனமிருக்கிறவர்கள் வருகிற மாதமே தேதி சொல்லுங்கள்.